சின்னத்தொரைக்கு நான் போட்ட மூன்று ‘டா’

தேயிலை ஆலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், என் கடைசி நாளன்று ஒரு மாலையும் ஒரு பிளேன்டீயும் கொடுத்து வழியனுப்பினார்கள். மாலை கழுத்தை அரித்தது. அதைவிட அரித்தது, இளவட்டங்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்ட கேள்வி.

“அண்ணே, நீங்க அந்தக் காலத்துல தொரைய ‘டா’ போட்டீங்களாமே, நெசமா?”

நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். “ம்” என்றேன். அந்த ‘ம்’ ஆமாவா இல்லையா என்று அவர்களே பிரிந்து நின்று சண்டை போட்டார்கள். ஒருவன் நான் தொரையின் கன்னத்தில் அறைந்ததாகவே சொன்னான். அறைந்திருந்தால் அன்றைக்கே எனக்கு மாலை போட்டிருப்பார்கள், படுக்க வைத்து.

ஆகையால் எழுதி வைத்துவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் எனக்குப் படிப்பு. ஒரு ‘டா’வை எழுத அது போதும்.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே. மலை மேலே இருக்கிற மேற்கணக்குப் பகுதியில் பறிக்கும் கொழுந்தைச் சாக்கில் கட்டி, கப்பியில் மாட்டி, கம்பியில் விடுவார்கள். மலை உச்சியிலிருந்து ஸ்டோர் வாசல் வரைக்கும் ஒரே கம்பி. கீழே நின்று அந்தச் சாக்கைப் பிடிப்பவன் நான். வேலை பழகிய முதல் வருஷத்தில் ஒரு பல்லும், ஒரு விலாவும், கொஞ்சம் மானமும் போயின. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை. போவதற்கு அவ்வளவுதான் இருந்தது.

பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சாக்கு கண்ணுக்குத் தெரியும் முன்பே கம்பி முனகும். மூன்றாவது கம்பத்தைத் தாண்டியதும் அந்த முனகல் கீச்சென்று மாறும். அப்போது முட்டியை மடக்கிக் குதிகாலைத் தூக்கிவிட வேண்டும். கை இரண்டும் முன்னால், விரல் நுனி மண்ணைப் பார்த்து. விரலைச் சாக்குக்கு நேரே நீட்டினால் விரல் வீட்டுக்கு வராது. சாக்கு கையில் பட்டதும் அதை நிறுத்தக் கூடாது. அது போகிற பக்கமே கையையும் விட்டு, இரண்டு அடி கூடவே பின்னால் போய், நெஞ்சில் சாய்த்து வாங்க வேண்டும். விட்டுப் பிடிக்க வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் உள்ளே கொழுந்து நசுங்கும். நசுங்கின கொழுந்து காயப் போடும் முன்பே சிவந்துவிடும்.

சிவந்தால் டீமேக்கர் ஐயா வருவார். தேயிலையைப் பக்குவம் பார்ப்பதில் அந்தப் பக்கத்திலேயே அவருக்கு மிஞ்சின ஆள் இல்லை. அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால்கூடத் தேவலை. சாக்கை அவிழ்த்து, மூக்கை உள்ளே விட்டு, ஒரு மூச்சு இழுப்பார். பிறகு கையை விட்டுத் துழாவி, சிவந்த இலை ஒன்றே ஒன்றை வெளியே எடுப்பார். அதைத் துடைப்பார். பிடித்தவன் சட்டைப் பையைத் திறந்து, உள்ளே போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை கிடையாது. சாயந்தரம் எங்கள் வரிசை வீட்டு லயத்துக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது என் பெண்சாதி செவனம்மா பைக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். “இன்னைக்கு மூணா?” என்பாள். அது வேறு.

தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் எங்களுக்கு ஒரு சின்னத்தொரை வந்தார். சிங்களவர், கொழும்பில் படித்தவர், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது. பெரியதொரை வெள்ளைக்காரர். மண், மழை, மனுஷன் எல்லாவற்றையும் அவர் கிரிக்கெட்டை வைத்துத்தான் அளந்தார். சின்னத்தொரைக்கு வேலை நிரந்தரமாவது பெரியதொரை எழுதுகிற ஒரு கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதம் பக்கத்து மலைத் தோட்டத்தோடு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற மேட்சில் இருந்தது. சின்னத்தொரை விக்கெட் கீப்பர்.

அவர் பந்து பிடித்துப் பழகுவதை, காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்துக்கு மேலே இருந்து கொழுந்துப் பெண்கள் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்: சல்லடைத் தொரை. எங்கள் ஸ்டோரில் தேயிலை சலிக்கிற சல்லடையிலாவது பெரிய துண்டு மேலே நிற்கும். இவரிடம் எதுவும் நிற்கவில்லை.

ஒரு நாள் பெரியதொரை ஜீப்பை நிறுத்திவிட்டு நான் சாக்குப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார். அவருடைய தமிழ் நம்முடைய தமிழ்தான். முப்பது வருஷத் தமிழ்.

“ராமையா, நீ பெரட்டுக்களத்துல பயலுகளோட பந்து வெளையாடுவியாமே.”

“சும்மா, விக்கெட்டுக்குப் பின்னால நிப்பேங்க.”

“சின்னத்தொர கை மரக்கட்டையா இருக்கு. மேட்ச்சுக்கு ஒரு மாசம் கெடக்கு. ஒன் கைய அவருக்குக் குடு.”

“நான் எப்பிடிங்க தொர...”

“புடிச்சா ஒனக்குக் கம்பி. விட்டா ஒனக்குக் கவ்வாத்துக் கத்தி.”

போய்விட்டார். கம்பி என்றால் ஸ்டோர் வேலை, ஸ்டோர் லயம், தலைக்கு மேலே கூரை. கவ்வாத்து என்றால் மேற்கணக்கில் மழையும் அட்டையும், நாள் முழுக்கக் குனிந்து செடி வெட்டுவது. உடைந்த விலாவோடு நான் ஒரு மாதம் தாங்க மாட்டேன். ஆக, அந்த மேட்சில் பந்து நழுவினால் சின்னத்தொரை கொழும்புக்கு, நான் கவ்வாத்துக்கு. இரண்டு பேர் சோறும் ஒரு ஜோடி கையுறைக்குள் இருந்தது.

முதல் நாள் சாயந்தரம் ஸ்டோருக்குப் பின்னால் நின்றோம். குறை எனக்குத் தெரிந்துவிட்டது. மனுஷர் குந்துவதே இல்லை. குந்தினாலும் பந்து தரையில் படும் முன்பே எழுந்துவிடுகிறார். விரல் நேரே பந்தைக் குத்துகிறது. பந்து வர வர, கையும் எதிரே போய் மோதுகிறது. கடைசி நொடியில் முகத்தை வேறு திருப்பிக்கொள்கிறார். தெரிந்து என்ன? சொல்ல வேண்டுமே. தொரை வருகிற பாதையில் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிற ஜாதி நாங்கள். தொரையைப் பார்த்துக் குந்து என்று எப்படிச் சொல்வது?

இருக்கிற மரியாதையை எல்லாம் திரட்டிச் சொன்னேன். “தொரைக்கு மனசு இருந்தா, கொஞ்சம் ஒக்காந்தாப்புல நின்னா நல்லாருக்கும்னு எனக்குப் படுதுங்க.”

சின்னத்தொரை என்னையே பார்த்தார். “என்னா?”

மறுபடி சொன்னேன், இன்னும் இரண்டு ‘ங்க’ சேர்த்து. அவர் கொஞ்சம் யோசித்து, “சரி, வேலை செய்யி” என்றார்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. சின்னத்தொரைமார் தமிழ்ப் பரீட்சை பாஸாக வேண்டும். அதற்கு அவர்கள் படிக்கிற தமிழில் வா, போ, வெட்டு, எடு, தூக்கு, ஏன் லேட்டு, வாய மூடு இவ்வளவுதான் உண்டு. அவர் கேட்டுப் பழகினதும் பெரட்டில் கங்காணி போடுகிற சத்தம். யாரும் அவரை வேண்டிக்கொண்டதும் இல்லை, அவர் யாரையும் வேண்டிக்கொண்டதும் இல்லை. மரியாதைத் தமிழ் அவருக்கு வேறு பாஷை.

மொழிபெயர்க்கக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன். குடையும் கோட்டுமாக வந்தார். இங்கிலீஷ் சரளமாகப் பேசுவார். ஆனால் தொரைமார் முகம் சுளிக்கிற மாதிரி ஒரு சொல்லும் அவர் வாயில் வராது.

“கை மரக்கட்ட மாதிரி இருக்குன்னு சொல்லுங்க ஐயா” என்றேன்.

அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சின்னத்தொரை சந்தோஷமாகக் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார்.

“என்னாங்க சொன்னீங்க?”

“தொர கை தேக்கு மாதிரி உறுதின்னு ராமையா சொல்றான்னேன். வேறென்னடா சொல்லச் சொல்ற? எனக்கு மூணு பொம்பளப் புள்ளைக இருக்கு.”

“பந்து வரும்போது மொகத்தத் திருப்புறாருன்னாவது சொல்லுங்க.”

அதையும் சொன்னார். சின்னத்தொரை தலையை ஆட்டி நன்றி சொன்னார். தொரை எல்லாப் பக்கமும் கண் வைத்திருக்கிறார் என்று மாற்றிச் சொன்னாராம்.

இப்படியே இரண்டு வாரம் போனது. சின்னத்தொரையின் கட்டை விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. எனக்கு ராத்திரியெல்லாம் கவ்வாத்துக் கத்தி கனவு. “அவருக்குப் பந்து நிக்கலன்னா ஒனக்கு என்னய்யா, ஒன் வயித்துலயா வெளையாடுறாரு?” என்றாள் செவனம்மா. அப்படித்தான் விளையாடினார்.

பேச முடியாவிட்டால் காட்டலாம் என்று ஒரு நாள் அவரைக் கம்பிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்திக் கொழுந்து இறங்கிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளையும் குடையோடு வந்தார். இரண்டு சாக்கைப் பிடித்துக் காட்டினேன். கையைப் பாருங்க என்று கண்ணால் சொன்னேன். சின்னத்தொரை பார்த்தார், புரிந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். நான் இரண்டாவது சாக்கை ஓரத்தில் சாய்த்து வைக்கத் திரும்பிய நேரத்தில் அவர் போய் என் இடத்தில் நின்றுகொண்டார்.

கம்பி கீச்சென்றது. திரும்பினேன். சின்னத்தொரை முட்டி விறைத்து, விரலை நேரே நீட்டி, சாக்கை வழி மறிக்கிற போலீஸ்காரர் மாதிரி நிற்கிறார். ஓடிப் போய்ப் பிடிக்க முடியாது. பத்தடி தூரம். மரியாதைக்கு நேரமில்லை. புதிதாக வந்த பயல்களை விரட்டுகிற சத்தம் தானாக வெளியே வந்தது.

“குந்து! வெரலக் கீழ போடு! விட்டுப் புடிடா!”

குந்தினார். விரல் இறங்கியது. சாக்கு கையில் பட்டது, அதோடு கூடவே இரண்டு அடி பின்னால் போனார், நெஞ்சில் வாங்கினார், பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். மடியில் சாக்கு, குழந்தை மாதிரி.

கணக்கப்பிள்ளை குடையைக் கீழே போட்டுவிட்டார். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்னத்தொரை சாக்கைத் தள்ளிவிட்டு எழுந்து, நேரே என்னிடம் வந்தார். கத்தி, கத்தி என்று என் நெஞ்சு அடித்தது.

“இப்ப வெளங்குது!” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. “ஏன் நீ இத்தன நாள் தமிழ் பேசல?”

அது முதல் ‘டா’. அவர் அதைச் சொல்லின் வால் என்று நினைத்தாரா, நினைக்காத மாதிரி நடித்தாரா, எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து நான் கங்காணி, அவர் ஆள். ‘டா’வை மட்டும் முழுங்கிக்கொண்டேன். குந்து. பாரு. பொறு. எந்திரி. விட்டுப் புடி. இந்த ஐந்துதான் பாடம். இதில் பெரிய பாடம் ‘பொறு’. பந்து மண்ணில் படுகிற வரைக்கும் பின்பக்கம் மேலே வரக் கூடாது. அதற்காக ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் குந்துகிற மாதிரி அவரை நிறுத்தினேன். கூடை கிறீச்சென்றால் சீக்கிரம் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். “கூடை பேசுது” என்பேன். மறுபடி குந்துவார். கைக்கு நன்றாகப் பழுத்த கொய்யாப்பழம். கையுறை கிடையாது. நான் எறிவேன், அவர் உடைக்காமல் வாங்க வேண்டும். முதல் நாள் இருபது பழம் எறிந்தேன், இருபதும் அவருடைய வெள்ளைச் சட்டையில். ஐந்தாம் நாள் ஏழு பழம் முழுசாக நின்றது. முகத்தைத் திருப்பினால் கொட்டையோடு காதில். கொய்யாவுக்குத் தொரை, ஆள் என்று தெரியாது.

பத்தாம் நாள் டீமேக்கர் ஐயா வந்து வாசலில் நின்று பார்த்தார். ஒரு கொய்யாப்பழத்தை வாங்கி, முகர்ந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்றிய இடம் இல்லை. கடித்துக்கொண்டே போய்விட்டார். இருபது வருஷத்தில் என் வேலைக்கு அவர் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

மேட்ச் அப்புத்தளைப் பக்கத்தில், மலைத் தோளில் ஒரு மைதானத்தில். எங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லைக் கோட்டுக்குப் போகிற பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. சின்னத்தொரைக்கு நேர் பின்னால் நின்றேன்.

மத்தியானம் அவர்கள் மட்டை பிடிக்க வந்ததுமே ஒன்றை விட்டார். சுலபமான பந்து. தொரைமாரும் அவர்கள் வீட்டு நோனாமாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனுஷருக்குப் பழைய விறைப்பு வந்துவிட்டது. பெரியதொரை பைப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்தார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

சாயந்தரம் அவர்களுக்குக் கடைசி ஜோடி. இன்னும் மூன்று ஓட்டம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியதொரையே மட்டையோடு நிற்கிறார். பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து மைதானத்தில் பாதியை முழுங்கிவிட்டது. பந்து போடுகிறவர் ஓடி வருகிறார். நம் ஆளைப் பார்க்கிறேன். பின்பக்கம் மேலே. முட்டி விறைப்பு. சல்லடை.

அங்கே கூடை இல்லையே, பேசுவதற்கு. நான்தான் பேசினேன்.

“குந்துடா!”

அந்தப் பனியில் என் சத்தம் நாலு மலையில் பட்டுத் திரும்பி வந்தது. என் சத்தம் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சின்னத்தொரை சட்டென்று குந்தினார். பந்து மட்டை ஓரத்தில் உரசி, தரைக்கு நாலு விரல் உயரத்தில் வந்தது. விரல் மண்ணைப் பார்த்தது, கை பந்தோடு பின்னால் போனது, பழம் மாதிரி வாங்கினார். உடையவில்லை.

நடுவர் விரலைத் தூக்கினார். பக்கத்துத் தோட்டத்துத் தொரை மட்டையை வீசிவிட்டுச் சண்டைக்கு வந்தார். அவரும் அதே தமிழ்ப் பரீட்சை பாஸானவர். “அந்தச் சத்தத்துல எனக்கும் முட்டி மடங்கிப்போச்சு!” என்று கத்தினார். அந்தப் புகார் செல்லாது என்றுவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் பெரியதொரை கூப்பிட்டு அனுப்பினார். சின்னத்தொரையும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நின்றார்கள்.

“ராமையா, நீ என்னா சொன்ன?”

“குந்தச் சொன்னேங்க.”

“அதுக்குப் பின்னால ஒரு எழுத்து வந்துச்சே.”

கணக்கப்பிள்ளை முன்னால் வந்தார். அந்த மனுஷனை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அவர் எனக்காகப் பேசினார். “தொர, அது பனிக்கு வந்த இருமலுங்க.”

“முப்பது வருஷமா இந்த இருமல நான்தான் இருமிக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?” என்றார் பெரியதொரை. பிறகு சின்னத்தொரையிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். ‘டா’ என்ற எழுத்து மட்டும் நடுவில் இரண்டு முறை வந்தது. சின்னத்தொரையின் காது, நசுங்கின கொழுந்து மாதிரி சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

“புடிச்சது புடிச்சதுதான். கம்பி ஒனக்கு” என்றார் பெரியதொரை என்னைப் பார்த்து. “ஆனா நாளைக்கு ஒனக்குப் பேர் இல்ல.”

பேர் இல்லை என்றால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு எழுத்துக்கு ஒரு நாள். மலிவுதான்.

மறுநாள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். கம்பி முனகுகிறது, மாறுகிறது, நிற்கிறது. ஒவ்வொரு முனகலுக்கும் என் கை தானாக முன்னால் போய் வெறும் காற்றைப் பிடித்தது. யார் பிடிக்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. என் இடத்தில் வேறு ஆளைப் போட்டு, அவன் நன்றாகப் பிடித்துவிட்டால்?

மத்தியானம் செவனம்மா கொழுந்து போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்தாள்.

“ஸ்டோர்ல யாரு நிக்கிறா தெரியுமா? சல்லடதான்! ‘ராமையாவுக்குப் பேர் இல்ல, நான் புடிக்கிறேன்’னு காலையிலயே சட்டைக் கைய மடிச்சுட்டாராம். பெரியதொர ஜீப்புல வந்து பாத்துட்டு, ஜீப்பத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.”

“விழுந்தாரா?”

“ரெண்டு வாட்டி. இன்னொண்ணு கேளு. டீமேக்கர் ஐயா சாக்க அவுத்தாரு, மோந்தாரு. தொரகிட்ட போயி, சட்டப் பையத் தொறந்து, எலையப் போட்டு, ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிட்டாரு.”

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் எழுந்து நின்று ஸ்டோர் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

சின்னத்தொரைக்கு அந்த மாதமே வேலை நிரந்தரமானது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வேறு எங்கோ போனார். நான் கம்பியிலேயே இருந்து, தோள்பட்டை போனதும் இந்த மாலையை வாங்கிக்கொண்டு வந்தேன். ஊர் அறிந்த ‘டா’ இரண்டு. மூன்றாவதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எனக்குப் பேர் இல்லாத அன்றைக்குச் சாயந்தரம், பொழுது சாயும் முன்பே சின்னத்தொரை லயத்துக்கு வந்தார். லயத்துக்குள் ஒரு தொரை வந்து நான் பார்த்ததில்லை. குனிந்துதான் உள்ளே வர முடியும், குனிந்து வந்தார். சட்டையெல்லாம் சாக்கு நார். முழங்கையில் சிராய்ப்பு. பைக்குள் கையை விட்டு, சிவந்த இலையை எடுத்து என் கையில் வைத்தார்.

“ஒண்ணுதான்” என்றார்.

முதல் நாளில் ஒன்றே ஒன்று. எனக்கு முதல் நாளில் பதினொன்று. அதை அவரிடம் சொல்லவில்லை.

செவனம்மா அவசரமாகக் கட்டைப் பலகையை முந்தானையால் துடைத்துப் போட்டாள். “ஒக்காருங்க தொர, ஏழ வீடு, மனசுல ஒண்ணும் வச்சுக்காம ஒக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே என்னைப் பார்த்தார். முகம் விறைப்பாக இருந்தது, கண் மட்டும் சிரித்தது.

“ராமையா, எனக்கு வெளங்கல” என்றார். “தமிழ்ல சொல்லு.”

நான் எட்டிக் கதவைச் சாத்தினேன்.

“குந்துடா” என்றேன்.

குந்தினார்.